மார்கழிப் பந்து

பூப்பந்து ஆடிப் பழகியவர்களுக்குச் சித்திரைப் பந்து வேறு, மார்கழிப் பந்து வேறு. கடையில் ஒரே பெட்டியில் வாங்கியவைதான் இரண்டும். அதே மஞ்சள் கம்பளி நூல், அதே சுற்று, அதே அளவு. சித்திரை மாதத்துச் சாயங்காலத்தில் மட்டை பட்டதுமே கிளம்பிப் பறக்கிற பந்து, மார்கழி விடியற்காலையில் நெட்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். கடைசிக் கோட்டுக்கு என்று நினைத்து அனுப்பியது நடுக் கோர்ட்டில் விழும். வீசிய கையும் வீசிய வேகமும் மாறவில்லை என்றுதான் அடித்தவனுக்குத் தோன்றும். அப்படியானால் மாறியது எது? சின்ன வயதில் பிடித்த இந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

பேட்மின்டன் என்றால் இன்று எல்லோருக்கும் இறகுப்பந்துதான் நினைவுக்கு வருகிறது. அதனால் பூப்பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நடுவில் ஏறக்குறைய ஆறடி உயரத்தில் நெட். பந்து முழுக்கக் கம்பளி நூலால் ஆனது; விட்டம் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எடை 25 கிராமுக்கு முன்பின். இறகுப்பந்தின் எடை 5 கிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நாங்கள் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டத்துக்கு 29 புள்ளி, இப்போது 35. முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர் என்று நிற்போம். நடுவில் நிற்பவர்தான் அணியின் உயிர். எங்கள் ஊர் அணியில் அங்கே நின்றவர் என் பெரியப்பா.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு மேற்கே, குடமுருட்டிக் கரையில். ஊருக்கென்று தனியாக மைதானம் கிடையாது. நெல்லடிக்கும் களம்தான் கோர்ட். குறுவை அறுத்துப் போரடித்து முடியும்வரை களத்தில் காலை வைக்க விட மாட்டார்கள். அதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். கார்த்திகை முழுவதும் களம் சேறு. மழை விலகி, களிமண் இறுகி, சம்பா அறுப்புக்கு வரும்வரை இடையில் கிடைக்கிற நாட்கள் மட்டுமே எங்களுக்கு. அந்த நாட்கள் மார்கழியில்தான் வரும். தை பிறந்துவிட்டால் கதிர்க்கட்டு வந்து இறங்கும், மூங்கில் கம்பங்களைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துதான் எங்கள் ஆட்டத்துக்கு நாள் குறித்தன. வருடத்திலேயே குளிரும் பனியும் நிறைந்த மாதத்தை அவை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தன. ஆகவே குளிரில் ஆடுவது எங்களுக்கு எப்போதாவது நேர்கிற சங்கடம் இல்லை. அதுதான் எங்கள் ஆட்டம்.

தஞ்சாவூர்க் குளிர் என்ன பெரிய குளிர் என்று வடக்கே இருப்பவர்கள் கேட்கலாம். மார்கழி விடியலில் வெப்பமானி 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும்; அவ்வளவுதான். ஆனால் அந்த 20 டிகிரி தனியாக வருவதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பால் பிடித்த சம்பா வயல், வயல் முழுக்கத் தண்ணீர், வாய்க்கால், ஆறு, குளம். இரவெல்லாம் இவை விடுகிற ஈரம் காலையில் மூடுபனியாகத் தரையோடு படுத்திருக்கும். எதிர்க் கோர்ட்டில் பின்னால் நிற்பவனின் முகம் தெரியாது, பனியன்தான் தெரியும். களத்து மண் நனைந்து குளிர்ந்திருக்கும். சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு பனியில் கரைந்து பாதி காணாமல் போயிருக்கும். நெட் முழுக்கப் பனித்துளி கோத்திருக்கும். பந்து அதில் பட்டு இறங்கினால் ஈரத்தோடுதான் இறங்கும்.

பெரியப்பா பந்துகளை வைத்திருந்த இடம் அடுப்படிப் பரண். பிஸ்கட் டின் ஒன்றில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதற்குள் பந்துகள். விறகடுப்புக்கு நேர் மேலே இருந்ததால் டின் எப்போதும் கதகதப்பாக இருக்கும். எங்கள் ஊர்ப் பந்துகளுக்குப் புகை வாசனை உண்டு. வெளியூர் அணிக்காரர்கள் பந்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். பெரியம்மா அதிகாலையில் அடுப்பு மூட்டிக் காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது, பெரியப்பா முக்காலி போட்டு டின்னை இறக்குவார். இரண்டு பந்து எடுப்பார். ஒன்று ஆட்டத்துக்கு. மற்றது அவர் மடியில், வேட்டி மடிப்புக்குள். ஆட்டத்தில் இருக்கும் பந்து கனத்துவிட்டது என்று தோன்றியதும் கையைத் தூக்குவார், பந்து மாறும். நனைந்தது மடிக்குப் போகும், மடியில் இருந்தது கோர்ட்டுக்கு வரும்.

ஒரு மார்கழியில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். காற்று கனமாக இருப்பதால்தான் பந்து போகவில்லை என்றேன் நான். பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படித்த தைரியம். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்று புத்தகத்தில் இருந்தது.

"காத்து கனமோ என்னமோ, பந்து கனம். அதை முதல்ல பாரு" என்றார் பெரியப்பா.

கடைத்தெருவில் இருந்த பத்தரிடம் என்னை அழைத்துக்கொண்டு போனார். பொன் நிறுக்கிற சின்னத் தராசில், பரணிலிருந்து அப்போதுதான் எடுத்த பந்து ஒரு தட்டில். ஆடி முடித்த பந்து இன்னொரு தட்டில். ஆடிய பந்தின் தட்டு சட்டென்று இறங்கியது. பத்தர் சரிக்கட்டுவதற்குக் குன்றிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்த் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தராசுக்கு அது பெரிய எடை. தொட்டுப் பார்த்தால் பந்து நனைந்ததாகவே தெரியவில்லை. அதுதான் என்னை வியக்க வைத்தது.

கம்பளியின் குணமே அது என்று பின்னால் கல்லூரியில் படித்தேன். கம்பளி இழை தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஆவியாகவே உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். அப்போதும் கைக்கு ஈரம் தெரியாது. சாதாரண நாளில் 25 கிராம் இருக்கிற பந்துக்குள்ளேயே 3 கிராம் அளவுக்கு நீர் இருக்கும். ஈரம் நிறைந்த காற்றில் இரவு முழுக்கக் கிடந்தால் அதே பந்து 29 கிராமைத் தொடக்கூடும். ஒரு மணி நேர ஆட்டத்தில் மேல் சுற்றுகள்தான் நனையும். உள்ளே அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆனால் பனி படிந்த களத்தில் உருண்டு, நெட்டில் பட்டு, ஈரக் கைகளில் மாறி மாறிப் போகிற பந்துக்கு ஆவி எதற்கு, தண்ணீரே நேராகக் கிடைக்கிறது. கனம் கூடிய பந்து அதே வீச்சுக்கு மெதுவாகத்தான் கிளம்பும். மட்டையில் படும் சத்தமே மாறிவிடும். உலர்ந்த பந்தின் 'டப்' போய், பிசைந்த மாவு உருண்டையைத் தட்டுகிற ஓசை வரும்.

மட்டையும் சும்மா இருப்பதில்லை. அப்போதெல்லாம் மரச்சட்டம். நல்ல மட்டையில் விலங்கின் குடலிலிருந்து எடுத்த நரம்பு கட்டியிருக்கும். அந்த நரம்பும் ஈரத்தை இழுத்துத் தளரும். மரம் ஈரம் பட்டு வளையும்; அதனால்தான் மட்டையை நான்கு மூலையிலும் திருகாணி உள்ள மரச்சட்டத்துக்குள் இறுக்கி வைப்போம். தளர்ந்த நரம்பு பந்தைத் தள்ளும், வெட்டாது. பூப்பந்தின் அழகே வெட்டில்தான் இருக்கிறது. பந்தின் அடியில் மட்டையைச் சீவினால், கம்பளியின் மயிர் நரம்பைப் பற்றிக்கொண்டு சுழலும். சுழன்றபடி நெட்டைத் தாண்டி, எதிராளி எதிர்பார்த்த இடத்தை விட்டு விலகி இறங்கும். மார்கழியில் மயிர் ஒட்டிப் படிந்துவிடும், நரம்பில் நீர் இருக்கும். சீவினால் வழுக்கும். 1970-இல் பூப்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்ற ஆந்திரத்துப் பிச்சையாவின் வெட்டுகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவரைப் போல வெட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லா மார்கழியிலும் இருந்தது; பந்துதான் இடம் கொடுக்கவில்லை.

காற்றைப் பற்றிய என் கட்சியும் முழுப் பொய் இல்லை. அளந்து பார்த்தால், சித்திரைப் பிற்பகலின் 38 டிகிரிக் காற்றைவிட மார்கழி விடியலின் 20 டிகிரிக் காற்று ஏறக்குறைய 6 சதவீதம் அடர்த்தி கூடியது. பந்தை எதிர்த்துத் தடுக்கிற விசையும் அந்த அளவுக்குக் கூடும். இதில் இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மூடுபனிக் காலத்தில் காற்று கனத்துத் தொங்குவதாக எல்லோரும் நினைக்கிறோம். ஈரம் காற்றைக் கனமாக்குவதில்லை. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன் மூலக்கூறைவிட இலேசானது, ஆகவே ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் இலேசு. மார்கழிக் காற்றின் கனம் குளிரால் வந்தது. ஈரம் தன் வேலையைக் காற்றில் காட்டவில்லை, பந்துக்குள் காட்டியது. பெரியப்பாவுக்கு மூலக்கூறு தெரியாது. ஆனால் காற்றை விட்டுவிட்டுப் பந்தைப் பார் என்று அவர் சொன்னது சரியான இடத்தில் விரலை வைத்த சொல்.

அந்தப் பந்துக்கும் முன்னால் அவர் பார்க்கச் சொன்னது கையை.

காலையில் களத்துக்கு வந்ததும் மட்டையை எடுக்க விட மாட்டார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பம்பு செட் இருந்தது. நிலத்தடி நீர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பது. வெளியே குளிர்ந்து கிடக்கிற மார்கழியில் அது வெந்நீராகத் தோன்றும். தொட்டியில் விழுகிற தண்ணீரிலிருந்து ஆவி எழும். முழங்கை வரை அதில் விட்டுக்கொண்டு நிற்கச் சொல்வார். விரல்களை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். பிறகு துண்டால் ஒரு சொட்டு இல்லாமல் துடைக்க வேண்டும். துடைப்பதை அவரே வந்து பார்ப்பார், விரல் இடுக்கு உட்பட.

"கை சூடாகாம ஸ்மாஷ் அடிச்சா பந்து போகாது, தோள்பட்டைதான் போகும்" என்பார்.

எங்களுக்கு அது பெரியவர்கள் செய்கிற கெடுபிடியாகத்தான் தோன்றியது. சீக்கிரம் ஆட வேண்டும். சூரியன் பனைமரத்துக்கு மேலே வந்துவிட்டால் வயலுக்கு, மாட்டுக்கு, பள்ளிக்கு என்று ஆள் கலைந்துவிடும். ஆனால் அவர் சொல்லைக் கேட்ட காலையும் கேட்காத காலையும் வேறுவேறாக இருந்தன. குளிர்ந்த விரலுக்கு மட்டையின் பிடி மரத்துப்போன மாதிரி இருக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாது, அதனால் தேவைக்கு மேல் இறுக்குவோம். இறுகிய பிடியில் மணிக்கட்டு திரும்பாது. மணிக்கட்டு திரும்பாவிட்டால் வீச்சு தோளிலிருந்து வரும். தோளிலிருந்து வருகிற வீச்சு பார்க்க வேகமாக இருக்கும், பந்துக்கு வேகம் போய்ச் சேராது. தசை குளிர்ந்தால் அதன் சுருங்கும் வேகம் குறையும், நரம்பில் செய்தி போகும் வேகமும் குறையும். உடலியல் சொல்வது இது. 'கை மாறவில்லை' என்று அடித்தவனுக்குத் தோன்றுவதே குளிர் செய்கிற வேலை. மாறியதைச் சொல்ல வேண்டிய விரலே உணர்வு குறைந்து கிடக்கிறது.

தஞ்சாவூர் அரண்மனைக்கு முதல் முறை போனது ஒரு ஆட்டத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தபோதுதான். பிற்பகல் வரை நேரம் இருந்தது. பெரியப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தர்பார் மண்டபத்தையும் சரசுவதி மகாலையும் காட்டினார். மண்டபத்தைவிட வெளி முற்றத்தில்தான் அவர் அதிக நேரம் நின்றார். "இங்கதாண்டா நம்ம ஆட்டம் ஆடினாங்க" என்றார். அரச குடும்பத்தார் 1856-லேயே கம்பளிப் பந்து ஆடினார்கள் என்று இந்த விளையாட்டின் வரலாற்றைச் சொல்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். எந்த முற்றத்தில் என்று யாரும் சொல்வதில்லை. அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். 1855 அக்டோபரில் தஞ்சாவூர் அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது; அரண்மனைச் சொத்துக்கும் முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்காடினார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-இல், இது அரசு செய்த காரியம், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. 1856 என்பது இந்த இரண்டுக்கும் நடுவில். நாடு போய், வழக்கு முடியாமல், அதிகாரிகள் கணக்கெடுத்துக்கொண்டிருந்த அரண்மனைக்குள் ஒரு கம்பளிப் பந்து நெட்டுக்கு மேலே போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. அதிகாரம் பறிபோனவர்களிடமிருந்து கைமாறி, அக்கிரகாரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குடியானவர் களத்துக்கும் இந்த ஆட்டம் வந்து சேர்ந்தது. 1950-களில் இந்தியக் கூட்டமைப்பு ஒன்று உருவாகும் அளவுக்குத் தெற்கெங்கும் பரவியது. டெல்டாக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு. மறைக்க ஒன்றும் இல்லை.

ஏன் கம்பளி என்ற கேள்விக்கும் வரலாற்றில் ஒரு துப்பு கிடைக்கிறது. புனேயில் இருந்த ஆங்கிலேயர்கள் இறகுப்பந்து ஆடிய தொடக்க காலத்தில், காற்றடிக்கும் நாளிலும் ஈரமான நாளிலும் இறகை வைத்துவிட்டுக் கம்பளிப் பந்தை எடுத்தார்கள். 5 கிராம் இறகைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும், மழைத்தூறல் ஒன்றே போதும் அதைக் கெடுக்க. கம்பளி நனைந்தாலும் ஆடும், கனத்தாலும் உருக்குலையாது. வானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தேர்ந்த பந்து இது. விதியிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. ஒரே ஆட்டத்துக்குள் குறிப்பிட்ட புள்ளிகள் வந்ததும் இரு அணியும் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். வெயில் ஒருவர் கண்ணிலேயே அடிக்கக் கூடாது, காற்று ஒருவர் பக்கத்துக்கே உதவக் கூடாது, பனி படிந்த பக்கம் ஒருவருக்கே விழக் கூடாது. வானிலை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். இவ்வளவு நியாயமான விதி வேறு எந்த ஆட்டத்திலும் என் மனதைத் தொட்டதில்லை.

அந்த விதி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தது ஒரு பொங்கல் பந்தயத்தில். பாபநாசம் பக்கம், பள்ளி மைதானம், இரவு ஆட்டம். குழல் விளக்குகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எதிரணி நகரத்துக் கல்லூரிப் பையன்கள். உயரம், வேகம், நல்ல மட்டைகள். முதல் ஆட்டத்தை எங்களிடமிருந்து எளிதாக எடுத்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு மேல் பனி இறங்கத் தொடங்கியது. விளக்கொளியில் அது இறங்குவது தெரிந்தது. மைதானத்தின் வடக்குப் பக்கம் வாய்க்கால். அந்தப் பாதியில் தரை சீக்கிரம் நனைந்தது. அங்கே நின்றபோது அவர்களுடைய நீண்ட அடிகள் குறுகின. குறுகக் குறுக இன்னும் பலமாக அடித்தார்கள். பலமாக அடித்த பந்து நெட்டில் போய் விழுந்தது.

பெரியப்பா அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆட்டம் தொடங்கியதும் அவர் தூக்கி அடிப்பதையே விட்டுவிட்டார். பந்தை நெஞ்சு உயரத்தில் எடுத்து, நெட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், தட்டையாக, முன்வரிசைக்கும் நடுவுக்கும் இடையில் வைத்துக்கொண்டே இருந்தார். கனத்த பந்து தூரம் போகாது. ஆனால் நெட்டைத் தாண்டியதும் சீக்கிரம் இறங்கும். பின்னால் நின்ற பையன்கள் முன்னால் ஓடி வந்து குனிந்து எடுக்க வேண்டியிருந்தது. ஈரத்தரையில் ஓட்டம் பிடிபடவில்லை. பனி எதை எடுத்துக்கொண்டது என்று மற்றவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதைக் கொடுத்திருக்கிறது என்று அவர் பார்த்தார். நடுவில் இரண்டு முறை நடுவர் பந்தை மாற்றினார். புதுப் பந்து வந்த முதல் சில அடிகளுக்கு மட்டும் பெரியப்பா பழையபடி உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பினார். பந்து கனத்ததும் மறுபடி கீழே. அந்த ஆட்டம் எங்களுக்கு. பக்கம் மாறிய பிறகும் நாங்கள் வாய்க்கால் பக்கத்தில் தடுமாறவில்லை. அப்படிப்பட்ட தரையில்தான் நாங்கள் தினமும் ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தைப் பையன்கள் கடைசிப் புள்ளிகளில் வென்றார்கள். அவர்களும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்கள், அதைப் பெரியப்பாவே வியந்து சொன்னார்.

இதையெல்லாம் மறுபடியும் நினைக்க வைத்தவன் அண்ணன் மகன். டொரொண்டோவில் இருக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு விளையாட்டுப் பித்து: டிஸ்க் கால்ஃப். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டை மரங்களுக்கு நடுவே வீசி, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் எத்தனை குறைந்த வீச்சில் போடுகிறோம் என்பது ஆட்டம். 1975-இல் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தரத் தளத்தை அமைத்தார்; சங்கிலிக் கூடையும் அவர் வடிவமைத்ததுதான். பனி கொட்டும் ஜனவரியிலும் இவர்கள் வீசுகிறார்கள். வெள்ளைப் பனியில் புதைந்த தட்டைக் கண்டுபிடிக்க, அதன் அடியில் நீளமான வண்ண நாடாவை ஒட்டி விடுகிறார்கள்.

"சித்தப்பா, கோடையில போற தூரம் இப்ப போகவே மாட்டேங்குது. காத்து டென்ஸா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான் போனில்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷத்தில். என் வாதம், ஐம்பது ஆண்டு கழித்து, கடல் தாண்டி, அதே சொல்லில். பூஜ்ஜியம் டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிட 11 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆகவே அவன் நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தட்டு என்பது பந்து மாதிரி இல்லை, சுழன்றுகொண்டே காற்றின் மேல் ஏறிப் போவது. அடர்ந்த காற்று அதைத் தடுக்கவும் செய்யும், தூக்கவும் செய்யும். குறைந்த தூரம் முழுவதையும் காற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. நான் கேட்டேன்: தட்டு எப்படி இருக்கிறது, கை எப்படி இருக்கிறது? தட்டு கல்லாக இறுகிவிடுகிறதாம். மலிவான பிளாஸ்டிக் மரத்தில் மோதினால் விளிம்பில் கீறல் விடுகிறதாம். விரல் பிடியில் நிற்காமல் வழுக்கி, சுழற்சி குறைவாகவே தட்டு கிளம்புகிறது. சுழற்சி குறைந்தால் தட்டு நிலை தடுமாறிச் சீக்கிரம் சாய்ந்து இறங்கும். மேலே மூன்று அடுக்கு உடை. தோளும் இடுப்பும் முழுதாகத் திரும்புவதில்லை. கையுறை போட்டால் பிடி இல்லை, கழற்றினால் விரல் இல்லை.

பெரியப்பாவின் தொட்டியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். வீச்சுக்கும் வீச்சுக்கும் நடுவில் கையைச் சூடு தரும் பொட்டலத்தோடு சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள், அடுத்து வீசப்போகும் தட்டை மேற்சட்டைக்குள் வை, முதல் அரை மணி முழு வேகம் வேண்டாம் என்றேன். இரண்டு வாரம் கழித்து அழைத்தான். இழந்த தூரத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டதாம். காற்று அப்படியேதான் இருந்திருக்கும்.

போன மார்கழிக்கு ஊருக்கு வந்திருந்தான். களம் இப்போது வெறுமனே கிடக்கிறது. அறுப்பு எந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது, கதிர்க்கட்டு எதுவும் வந்து இறங்குவதில்லை. வருடம் முழுவதும் ஆடலாம், ஆனால் ஆடுபவர்கள் நகரத்து உள்ளரங்குக்குப் போய்விட்டார்கள். அரங்கத்தில் காற்று இல்லை, பனி இல்லை, நைலான் நரம்பு ஈரத்துக்குத் தளர்வதில்லை. ஆட்டம் வேகமாகியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கம் மாறும் விதி அங்கே எதற்கு என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். வெளியில் ஆடிப் பார்க்காதவளுக்கு அது புரிய வழியே இல்லை. மாவட்டப் பந்தயங்களில் ஒன்றையாவது மார்கழியில், திறந்த வெளியில், மண் கோர்ட்டில் வைக்க வேண்டும் என்று பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இனியும் கேட்பேன்.

நானும் அவனும் களத்தில் கம்பம் நட்டு, தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு விடிகாலையில் ஆடினோம். அவனுக்கு 20 டிகிரி குளிராகவே தெரியவில்லை, பனியனோடு நின்றான். ஆனால் நனைந்த பந்து அவனை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. தன் தட்டையும் வீசிக் காட்டினான். நன்றாகவே போனது. அதிலும் பனி ஈரம் விரலை வழுக்கியது. ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்துத் துடைத்து வீசினான். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மட்டையும் சில பந்துகளும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஜனவரிக் கடைசியில் போன் செய்தான். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்து கிடக்கிறது. பந்துகளை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்திருக்கிறான். அன்றைக்குத்தான் வாகன நிறுத்துமிடத்தில் நண்பனோடு அடித்துப் பார்த்தானாம்.

"சித்தப்பா, இவ்வளவு குளிர்ல பந்து கனக்கவே இல்ல. ஊர்ல அடிச்சதைவிட லேசா இருக்கு. பஞ்சா புசுபுசுன்னு எழும்பி நிக்குது, அடிச்சா பறக்குது."

உலர்ந்த காற்றில் கம்பளி தன்னிடம் இருந்த நீரையும் விட்டுவிடும். கனத்துக்குக் காரணம் ஈரம், குளிர் இல்லை. பத்தர் தராசில் பாதி தெரிந்தது இப்போது முழுசாகத் தெரிந்தது. எத்தனை நேரம் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல விரல் கேக்கல."

"தொட்டித் தண்ணிக்குப் பதிலா வாஷ்பேசின்ல வெந்நீர் வருமில்ல? முழங்கை வரைக்கும் விட்டுட்டு, நல்லாத் துடைச்சிட்டு மறுபடி போ" என்றேன். நண்பனையும் துடைக்கச் சொல், விரல் இடுக்கு உட்பட.